இரண்டு மேலே, இரண்டு கீழே

புலம்பெயர் எழுத்து என்று நாம் சேர்த்து வைத்திருப்பவற்றில் பனி நிறைய உண்டு. சுரங்க ரயில் உண்டு. அகதி விண்ணப்பத்தை விசாரிக்கும் அதிகாரியின் மேசை உண்டு. மணல் குறைவு. வளைகுடா நாடுகளுக்குப் போன எங்கள் பெண்களை யாரும் அகதிகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. குவைத், சவூதி அரேபியா, பஹ்ரெய்ன், கட்டார், ஓமான், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய ஆறு நாடுகளில் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை. ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்தவளும் கடனுக்குப் பயந்து ஓடிவந்தவளும் அங்கே விமானத்தால் இறங்கியதும் ஒரே பெயரைப் பெற்றுவிடுகிறார்கள். கத்தாமா. வீட்டு வேலைக்காரி.

1997 தொடக்கம் 2003 வரை அமீரகத்தின் அல் அய்ன் நகரில் ஒரு வீட்டில் நான் கத்தாமாவாக இருந்தேன். அந்த ஆறு வருடங்களைப் பற்றிக் கேட்பவர்கள் அநேகமாக இரண்டு கேள்விகளோடு நிறுத்திவிடுவார்கள். அடிச்சவையளோ? சம்பளம் ஒழுங்காய்த் தந்தவையளோ? இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. ஆனால் அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு பின்னலைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் எழுதலாம் என்று தோன்றுகிறது.

அல் அய்ன் ஒரு பாலைவனச் சோலை. நகரத்தின் நடுவிலுள்ள தோப்பில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. ஃபலஜ் எனப்படும் பழைய வாய்க்கால்கள் அவற்றுக்கு நீர் கொண்டுவருகின்றன. அபுதாபியிலிருந்து எண்ணெய் முதன்முதல் ஏற்றுமதியானது 1962இல். அதற்கு முன்பு எங்களுக்குப் பனை எப்படியோ அவர்களுக்குப் பேரீச்சை அப்படி. பழம் சாப்பாடு. மட்டைகளை வரிசையாகக் கட்டி நிறுத்தினால் 'அரீஷ்' என்ற வீடு. நாரில் கயிறு. ஓலையில் பாய், கூடை, விசிறி, சாப்பாட்டு மூடி. இந்த ஓலைவேலைக்குப் பெயர் 'கூஸ்'.

நான் வேலை செய்த வீட்டில் எஜமானியின் தாயார் இருந்தார். எஜமானியை 'மாமா' என்று கூப்பிட வேண்டும். எங்கள் மாமா அல்ல, அரபியில் அது அம்மா. தாயாரை 'மாமா கபீர்' என்போம், பெரியம்மா என்பதுபோல. அவருக்கு வயது எத்தனை என்று அவருக்கே தெரியாது. அரீஷ் வீட்டில் பிறந்தவர். குளிரூட்டி ஓடும் எட்டு அறை வீட்டுக்குள் அவரால் நெடுநேரம் இருக்க முடியாது. மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு பின் விறாந்தைக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் ஓலை ஊறும்.

வளவில் நின்ற மரங்களின் மட்டைகளைத் தோட்டவேலை செய்யும் பங்களாதேஷ் பெடியன் வெட்டிப் போடுவான். மட்டையின் அடியில் ஓலைகள் முள்ளாக மாறி ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சீவி எறிந்துவிட்டு மேலே உள்ள ஓலைகளைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, தரம் பிரிப்பார். குருத்தை ஒட்டிய வெள்ளோலை மெல்லிய வேலைகளுக்கு. வெளியோலை முரடு, அது பாய்க்கும் கூடைக்கும். பின்ன முன்பு மறுபடி நனைத்தால்தான் ஓலை உடையாமல் வளையும்.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, விழுந்து கிடந்த ஓலை ஒன்றை எடுத்து நகத்தால் கீறி இரண்டாக வார்ந்தேன். கை தன்பாட்டில் செய்தது. அவர் ஓலையைப் பார்க்கவில்லை, என்னுடைய விரல்களைப் பார்த்தார். "தஅர்ஃபீன்?" என்று கேட்டார். உனக்குத் தெரியுமா?

எனக்குத் தெரிந்தது பனையோலை. கொக்குவிலில் அம்மம்மா இழைப்பதைப் பார்த்துப் பழகியது. சார்வோலையைச் சத்தகத்தால் வார்ந்து, ஈர்க்கை விலக்கி, ஒரே அகலமாய் அடுக்கி வைத்துக்கொண்டு தொடங்குவா. பாய், தடுக்கு, சுளகு, மூடுபெட்டி, கொட்டைப்பெட்டி, புட்டவிக்கும் நீத்துப்பெட்டி என்று எங்கள் வீட்டில் பாதிச் சாமான் ஓலைதான். எல்லாவற்றிலும் பலமானது கடகம். ஓலையால் இழைத்து, விளிம்பையும் அடியையும் மட்டை நாரால் பொத்திவிட்டால் மண் சுமக்கலாம், நெல் சுமக்கலாம், எரு சுமக்கலாம். பொத்தின கடகம் பத்து வருடம் கிடக்கும் என்பா அம்மம்மா.

ஆனால் கடகத்தில் அடிதான் முதல். குறுக்கும் நெடுக்குமாக ஓலைகளைக் கோத்துச் சதுரமாக அடியைப் போட வேண்டும். அடி எத்தனை ஓலையோ அதுதான் கடகத்தின் அளவு. பிறகு நான்கு மூலையையும் மடக்கி மேலே எழுப்பினால் சுவர் வரும். பாதியில் நின்று, கொஞ்சம் பெரிதாக்குவோம் என்றால் முடியாது. எத்தனை கொத்து அரிசிக்கு, எந்த மூலையில் வைக்க, யாருடைய தலையில் சுமக்க என்பதெல்லாம் முதல் ஓலையை எடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மாமா கபீருடைய வேலை வேறு மாதிரி. அவர் அடி போடுவதில்லை. பதினொரு ஓலைகளை எடுத்து ஒரு நுனியில் சேர்த்துப் பிடித்து, நான்கு விரல் அகலத்தில் ஒரு நாடாவைப் பின்னத் தொடங்குவார். அதன் பெயர் 'சஃபீஃபா'. வலது ஓரத்து ஓலையை உள்நோக்கி மடித்து, இரண்டு ஓலையின் மேலாக, இரண்டு ஓலையின் கீழாக நடுவரை கொண்டுபோக வேண்டும். பிறகு இடது ஓரத்து ஓலை, அதேமாதிரி. "இத்னேன் ஃபோக், இத்னேன் தஹத்." இரண்டு மேலே, இரண்டு கீழே. தலை மயிரைப் பின்னுவதுபோல முடிவில்லாமல் நீண்டுகொண்டு போகும். இரண்டிரண்டாகத் தாண்டுவதால் சதுரக்கட்டம் விழாது, சரிந்த வரிகள் விழும். இரண்டு பக்கத்து வரிகளும் நடுவில் சந்திக்கும் இடம் மீன்முள் போலத் தெரியும். விரலால் தடவினால் மேடும் பள்ளமும் கையில் படும்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஓலையின் நீளம். பனையோலை ஒன்றை வார்ந்தால் நீளமாக இழைத்துக்கொண்டு போகலாம். பேரீச்சை ஓலை குட்டை. ஒரு சாண், இரண்டு சாணில் முடிந்துவிடும். முடியப்போகும் ஓலையின்மேல் புது ஓலையை வைத்து, இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று தாண்டல் பின்னி, பழையதன் நுனியைப் பின்பக்கம் விட்டுவிட வேண்டும். எல்லா ஓலையும் ஒரே இடத்தில் முடிந்தால் நாடா அங்கே அறுந்துபோகும். ஆகவே தொடங்கும்போதே நெட்டையும் குட்டையுமாகக் கலந்து வைக்க வேண்டும். "ஷ்வை ஷ்வை" என்பார் மாமா கபீர். மெல்ல, மெல்ல. ஒரு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்ன வந்துவிட்டது.

பின்னியதைக் கையை விரித்து அளப்பார். அந்த அளவுக்குப் பெயர் 'பாஉ'. எங்கள் கடற்கரைச் சனம் சொல்லும் பாகம் அதே அளவுதான். பத்துப் பாகம், பதினைந்து பாகம் சேர்ந்ததும் சுருட்டி மூலையில் வைத்துவிடுவார். அது பாயாகப் போகிறதா, 'ஜஃபீர்' என்ற கூடையாகப் போகிறதா, சாப்பாட்டுத் தட்டுகளை வைக்கும் வட்டமான 'சுரூத்' ஆகப்போகிறதா என்று நான் கேட்டால் தோளை உயர்த்துவார். அதைத் தைக்கும்போது பார்க்கலாம். முந்திய காலத்தில் கோடைக்குத் தோப்புக்கும் குளிர்காலத்தில் வேறிடத்துக்கும் போய்வந்த குடும்பம் அவருடையது. போகிற வழியிலும் கை பின்னிக்கொண்டிருக்கும் என்று நடித்துக் காட்டுவார்.

*

அந்த வீட்டில் எனக்கு வெள்ளிக்கிழமையும் வேலை. கடவுச்சீட்டு வீட்டுக்காரரின் அலுமாரியில். குப்பை போடப் போவதைத் தவிர வெளிவாசல் தாண்டியது கிடையாது. பக்கத்து வீட்டிலும் ஒரு இலங்கைப் பெண் வேலை செய்கிறார் என்பது எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். மதிலுக்கு மேலால் துணிகாயும் கம்பியில் அவருடைய தலைத்துணியைப் பார்த்திருக்கிறேன். கதைத்ததில்லை. கத்தாமாக்கள் ஒன்றுசேர்ந்தால் ஓடிப்போகத் திட்டம் போடுவார்கள் என்று வீட்டுக்காரர்களுக்குப் பயம்.

அவரை எங்கள் விறாந்தைக்குக் கொண்டுவந்தது மாமா கபீர்தான். பக்கத்து வீட்டார் அவருடைய சொந்தக்காரர். அந்த வீட்டுப் பெண்ணும் ஓலை பின்னுவாளாம், அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் இடையில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். வயதானவரின் சொல்லைத் தட்டமுடியாது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம்.

"எந்த ஊர், தங்கச்சி?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம். கொக்குவில்."

"நாங்களும் யாழ்ப்பாணம்தான். சோனகதெரு." ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

ராத்தா என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது கிடுகு பின்னல். அதுவும் ஊரில் பழகியதல்ல, புத்தளத்து முகாமில் குடிசைக்குக் கூரை வேண்டுமென்று பழகியது. தென்னோலையை நடுவால் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மட்டையோடு சேர்த்தே பின்னுவது. பேரீச்சை ஓலையைக் கையில் எடுத்ததும் அவர் சொன்ன முதல் விஷயம் எனக்கு இன்றும் ஞாபகம். "இது மற்றப் பக்கமாய் மடிஞ்சிருக்கு." உண்மைதான். தென்னோலை கூரைபோலக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். பேரீச்சை ஓலை பீலிபோல மேல்நோக்கி மடிந்திருக்கும். பனையும் அப்படியே. அதனால் எனக்குச் சுலபமாக வந்த மடிப்பு அவருக்குக் கை நோகச் செய்தது. ஆனால் குட்டை ஓலையைச் சேர்த்துப் பின்னும் இடத்தில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரி. அவருடைய நாடா இறுக்கமாக இருந்தது. என்னுடையது கொஞ்சம் தொளதொளப்பு.

மூன்றாவது கிழமையோ நாலாவது கிழமையோ, அவராகவே கேட்டார். "நீங்கள் எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"தொண்ணூற்றைஞ்சு. ஒக்ரோபர் முப்பது."

அவருடைய கை நின்றது. "தேதி அதேதான்," என்றார்.

1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகம். ஐந்து வருடம் கழித்து, அதே திகதியில், இராணுவம் நெருங்கிவர வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். சில லட்சம் பேர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனோம். ராத்தா வீட்டிலிருந்து எதையும் எடுத்துவர விடப்படவில்லை. வாசலில் வைத்துக் காதுத்தோட்டைக்கூடக் கழற்றினார்களாம். நான் அம்மம்மாவின் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அரிசி, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு கைவிளக்கு. மழையில் நனைந்து, கிளிநொச்சி வரைக்கும் வந்து, அங்கே ஒரு மரத்தடியில் அது உக்கிப்போனது.

"எங்களை அனுப்பினவை உங்களையும் அனுப்பிச்சினம்" என்று ராத்தா சொல்லவில்லை. அப்படிச் சமன்செய்து முடிக்கக்கூடிய கணக்கும் அல்ல அது. நாங்கள் போனது எங்கள் சனத்தோடு, திரும்பி வரலாம் என்ற நினைப்போடு. அவர்கள் போன பிறகு சோனகதெரு வீடுகளின் கதவும் யன்னலும் ஓடும் கழற்றி விற்கப்பட்டன. அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு உங்கட சனத்தில கோவமில்லை எண்டு பொய் சொல்ல மாட்டன், தங்கச்சி. கதைச்சுக்கொண்டிருப்பம். பின்னிக்கொண்டிருப்பம்."

மாமா கபீருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் கதைப்பதை நிறுத்தினால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த ஒரு மணித்தியாலத்தை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். இருபத்து மூன்று மணித்தியாலமும் யாரோ கூப்பிட்ட சத்தத்துக்கு எழும்பி ஓடுகிற உடம்பு, அந்த நேரத்தில் மட்டும் ஒரு இடத்தில் இருந்தது. கையில் ஓலை இருக்கும்வரைதான் நாங்கள் கதைக்கலாம். ஓலை முடிந்தால் ராத்தா எழும்பிப் போகவேண்டும். ஆகவே நாங்கள் நாடாவை நீட்டிக்கொண்டே போனோம். தைப்பதைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. ராத்தா தன் நாடாவின் ஓரத்தில் சந்தையில் வாங்கிய சாயத்தில் அவித்த சிவப்பு ஓலை ஒன்றை விட்டுப் பின்னினார். என்னுடையது வெறும் ஓலை நிறம்.

1999இல் பக்கத்து வீட்டில் ஏதோ பிரச்சினை. ராத்தாவின் விசாவை நிறுத்தி அனுப்பப்போகிறார்கள் என்று ஒருநாள் பின்னேரம் கேள்விப்பட்டேன். விடிந்தபோது அவர் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கம், குப்பை வாளிக்குப் பக்கத்தில், கறுப்புப் பொலித்தீன் பைக்குள் அவருடைய நாடாச் சுருள் கிடந்தது. பதினொரு பாகம்.

*

தைப்பதற்கு மாமா கபீர் ஒரு பெரிய ஊசி வைத்திருந்தார். நாடாவின் ஓரத்தில் ஓலைகள் மடிந்து திரும்பும் இடமெல்லாம் சின்னச் சின்னக் கண்ணிகள் உண்டாகியிருக்கும். இரண்டு நாடாக்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் கண்ணிகளை மற்றதன் கண்ணிகளுக்கிடையில், இரண்டு கைவிரல்களைக் கோப்பதுபோலச் செருகி, அவற்றுக்குள்ளால் முறுக்கிய ஓலைக்கயிற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இழுத்து இறுக்கினால் அந்த இடம் ஒரு வரம்புபோல மேலெழும். சுரூத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தெரியும் வரம்புகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அந்த இடத்தில் இரண்டு ஓரமும் ஒரு கயிறும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சூடான சோற்றுத் தட்டை வைத்தாலும் அடி தரையில் படாது.

நடுவில் ராத்தாவின் நாடாவை வைத்துத் தொடங்கினேன். நடு இறுக்கமாகச் சுற்ற வேண்டும், அவருடையதுதான் இறுக்கம். அது முடிந்த இடத்தில் என்னுடையதைச் சேர்த்தேன். சிவப்பு வட்டங்கள் ஓரிடத்தில் நின்று, வெறும் வட்டங்கள் தொடரும். நான் அந்த ஒட்டை மறைக்க முயன்றபோது மாமா கபீர் கையைத் தட்டிவிட்டார். ஓலைகளை வெட்டாமல் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று விரற்கடை தூரம் செருகிப் பின்னச் சொன்னார். முடிந்ததும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஹினி கவி" என்றார். இங்கேதான் பலம். 'கவி' என்றால் அவர்களுடைய பேச்சில் பலமானது என்று பொருள்.

அந்த வீட்டில் சுரூத்துக்கு வேலை இல்லை. மேசையில்லாமல் தரையில் சாப்பிடும் நாட்களிலும் பிளாஸ்ரிக் சுஃப்ராவை விரித்து, சாப்பிட்டபின் எச்சிலோடு சுருட்டி எறிந்துவிடுவார்கள். பேத்திமார் வந்து ஓலையைத் தொட்டுப் பார்ப்பார்கள், நகம் கெட்டுவிடும் என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். மாமா கபீர் 2001இல் இறந்தார். ஊசியை யாரும் கேட்கவில்லை, எடுத்து வைத்துக்கொண்டேன்.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் நான் ஊருக்குத் திரும்பினேன். சுரூத்தைச் சுருட்டி, பயணப்பையின் வெளியே கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தேன். கொழும்பிலிருந்து நேரே புத்தளம். ராத்தா அங்கே இல்லை, மறுபடி குவைத்துக்குப் போய்விட்டார். அவருடைய உம்மா இருந்தார். நான் யார் என்பதைச் சொன்னேன். சுரூத்தை விரித்து, சிவப்பு வட்டங்களைக் காட்டி, இதுவரை உங்கள் மகளுடையது என்றேன். அவர் அதைச் சுவரில் மாட்டவில்லை. அன்று மத்தியானமே தரையில் போட்டு அதன்மேல் சோற்றையும் மீன் ஆணத்தையும் வைத்தார். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க மகள்" என்றார். சாப்பிட்டேன்.

2010இல் ராத்தா சோனகதெருவுக்குத் திரும்பிவந்து, கூரையில்லாத வீட்டில் தகரம் போட்டு இருந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதினார். சுரூத் இன்னும் கிடக்கிறதாம். ஓரத்தில் என்னுடைய பக்கம் கொஞ்சம் பிய்ந்துவிட்டதாம்.

இப்போது கூஸ் வேலைக்கு மதிப்பு வந்திருக்கிறது. அமீரகத்தின் 'சதூ' நெசவு 2011இல் யுனெஸ்கோவின் அவசரமாகப் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்ந்தது. 2019இல் பேரீச்சை சார்ந்த அறிவும் கைவேலைகளும் பல அரபு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோப் பட்டியலில் சேர்ந்தன. அந்த வருடம் டென்மார்க்கிலிருந்து இலங்கைக்குப் போகும் வழியில் அபுதாபியில் ஒருநாள் நின்றேன். பழைய கோட்டையான கஸ்ர் அல் ஹொஸ்னில், 2018 முடிவில் திறந்த கைவினைஞர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். அழகாக வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கைவேலைகளைப் பற்றி எழுதும்போது, தாயிடமிருந்து மகளுக்கு வந்தது என்றுதான் வழமையாக எழுதுவார்கள். பல வீடுகளில் அது உண்மையாகவே இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது இரண்டு கத்தாமாக்களுக்கு வந்தது. அதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

வீட்டு வேலையாட்களுக்கென்று அமீரகம் 2017இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2022இல் அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. கிழமைக்கு ஒருநாள் ஓய்வு இன்று எழுத்தில் இருக்கிறது. அந்த ஒருநாள் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அங்கே இப்போது வேலை செய்யும் பெண்கள்தான் எழுத வேண்டும்.

இங்கே டென்மார்க்கில் பேரீச்சையும் இல்லை, பனையும் இல்லை. பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடாவை வார்ந்து, எங்கள் பெண்கள் நாலைந்து பேருக்கு இந்தப் பின்னலைக் காட்டிக்கொடுக்கிறேன். வந்தவுடன் எல்லோரும் கேட்பது, "அக்கா, எத்தினை அங்குலத்தில செய்யிறது? எந்த அறைக்குப் போடுறது?" என்றுதான். வீடு மாறப்போகிறவர்கள், இன்னும் விசா முடிவு வராதவர்கள், பிள்ளைகளோடு எங்கே போய் இருப்பது என்று தெரியாத வயதானவர்கள். அளவை இப்போது யோசிக்க வேண்டாம், முதலில் பதினொன்றை எண்ணி எடுங்கோ என்கிறேன். பிறகு இரண்டு மேலே, இரண்டு கீழே.